ஒரு நாளைக்கு ஒரு மீட்டர் துளை: ஹெல்ஃபயர் பாஸ் நிலையத்தில் அரை நாள்

தாய்லாந்தின் காஞ்சனபுரி நகரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், 323ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி, ஹெல்ஃபயர் பாஸ் விளக்க நிலையம் அமைந்துள்ளது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை, போர்க்கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் வதைத்து வேலை வாங்கி, சயாமிலிருந்து (தாய்லாந்தின் பழைய பெயர்) பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்காகப் பாறையைப் பிளந்து வழி எடுத்த இடம் இது. மலேசியத் தமிழர் வீடுகளில் அந்தப் பாதைக்குச் 'சயாம் மரண ரயில்' என்று பெயர். என் பாட்டியின் அண்ணன் பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து அந்த வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. ஆகவே சுற்றுலாப் பயணியின் மனநிலையில் நான் அங்குச் செல்லவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மதிப்புரையின் சாய்வு எங்கிருந்து வருகிறது என்பது படிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆஸ்திரேலிய அரசின் செலவில் நடக்கும் நிலையம் இது. 1998ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, 2018ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பட்டது. சங்க்லபுரி நோக்கிச் செல்லும் பேருந்துகள் வாசலருகே நிற்கும். அண்ணன் மகனும் நானும் காலை 9 மணிக்கே சென்றுவிட்டோம், அதுவே சரியான நேரம். பதினொரு மணிக்கு மேல் அந்தப் பள்ளத்தில் இறங்குகிறவருக்கு வெயில் மட்டும்தான் நினைவில் நிற்கும்.

காட்சிக்கூடம் சிறியது. நிலப்படமும், சில கருவிகளும், சுவர்ப் பலகைகளும், ஒரு குறும்படமும் இருக்கின்றன. வேகமாகப் பார்ப்பவர் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம். வேகமாகப் பார்க்கக் கூடாது என்பது என் கருத்து. இந்தப் பாதை ஏன் தேவைப்பட்டது என்பதைக் கூடத்திலேயே புரிந்துகொண்டால்தான் வெளியே உள்ள பாறைக்குப் பொருள் கிடைக்கும். 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன் பின் பர்மாவில் நின்ற ஜப்பானியப் படைக்கு உணவும் வெடிமருந்தும் மலாக்கா நீரிணை வழியே கப்பலில் போக வேண்டியிருந்தது. அமெரிக்காவுடன் நடந்த மிட்வே கடற்போரில் ஜப்பான் தோற்ற பிறகு அந்தக் கடல்வழி நம்பத் தகாததாயிற்று. பல ஆண்டுகள் பிடிக்கக்கூடிய ரயில் பாதையை 1943ஆம் ஆண்டு முடிவதற்குள் முடிக்க முடிவெடுத்தார்கள். 1942ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கி 1943ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் இருமுனையும் கொங்கொய்தா என்ற இடத்தில் இணைந்தன. இயந்திரம் செய்ய வேண்டியதை மனித உடம்பு செய்தது என்பதை விடச் சுருக்கமான விளக்கம் இதற்கு இல்லை.

ஒலி வழிகாட்டிக் கருவியைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த நிலையத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. அங்கே வேலை செய்து உயிரோடு மீண்டவர்கள், முதுமையில் பதிவு செய்த குரலில், அந்தந்த இடத்தில் நடந்ததை அந்தந்த இடத்தில் நிற்கும் நம்மிடம் சொல்கிறார்கள். அழுகையோ நாடகமோ இல்லாத குரல்கள். சமையல் குறிப்புச் சொல்வதைப் போல ஒருவர் தன் நண்பனின் சாவைச் சொல்கிறார். தமிழில் இந்தக் கருவி இல்லை. ஆங்கிலம் தெரிந்த இளையவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது பெரியவர்களுக்கு உதவும்.

முகாமில் ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்பதை இங்கே கேட்டவற்றையும் முன்பே படித்திருந்தவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனெனில் இந்த இடத்துக்குப் போவதன் பயன் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது. விடியுமுன் எழுப்பித் தலைகளை எண்ணுவார்கள். கணக்குச் சரியாக வராவிட்டால் மழையில் நின்றபடி மறுபடி எண்ணுவார்கள். காலை உணவு கஞ்சி, அதுவும் தண்ணீர் மிகுந்த கஞ்சி. மதியத்துக்குரிய சோற்றைத் தகரக் குவளையில் அடைத்துக்கொண்டு, சேற்றுப் பாதையில் சில கிலோமீட்டர் நடந்து வேலையிடத்துக்குப் போக வேண்டும். காலில் செருப்புக்கூட இல்லாதவர்கள் ஏராளம், இடுப்பில் ஒரு கோவணம்தான் உடை. இருட்டிய பின் திரும்பினால் மறுபடி சோறு, அதன் மேல் பூசணியோ முள்ளங்கியோ மிதக்கும் நீர், எப்போதாவது புழு வைத்த கருவாடு. படுக்கை என்பது நீண்ட மூங்கில் பரண். கூரை அத்தாப்பு ஓலை அல்லது கிழிந்த கூடாரத் துணி. மூட்டைப்பூச்சியும் பேனும் நிரந்தரக் குடிகள். 1943ஆம் ஆண்டு மே மாதம் பருவமழை இறங்கியபோது கழிவுக்குழிகள் நிரம்பி வழிந்து, குடியிருந்த தரையும் கழிப்பிடமும் ஒன்றாயின. நோயாளிக்கு அரை வயிற்றுச் சோறு என்பது முகாம் விதி. வேலை செய்யாதவனுக்கு உணவு வீண் என்ற கணக்கு அது. அந்தக் கணக்கினால் நோயாளி மேலும் மெலிந்து, வேலைக்கு ஆள் மேலும் குறைந்தது என்பதைக் கணக்குப் போட்டவர்கள் கடைசி வரை கவனிக்கவில்லை.

அந்தச் சோற்றைப் பற்றி ஒரு சொல். அது தீட்டிய பச்சரிசி. தவிடு போன அரிசியை மட்டும் தின்றால் கால் வீங்கி, நெஞ்சு அடைத்து, பெரிபெரி நோய் வரும் என்பது மலாயாவில் அப்போது புதிய செய்தியன்று. 1905ஆம் ஆண்டிலேயே கோலாலம்பூர் மனநோய் விடுதியில் வில்லியம் ஃப்ளெச்சர் என்ற மருத்துவர், ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துச் சோதித்து, புழுங்கலரிசி உண்டவர்களை அந்நோய் அண்டவில்லை என்று காட்டியிருந்தார். முகாம் மருத்துவர்களுக்கும் இது தெரியும். மாட்டுக்குப் போடும் தவிட்டை மருந்தாகத் தேடி அலைந்திருக்கிறார்கள். நெல்லை அவித்துக் குத்திய நம் பாட்டிமாருக்குத் தெரியாமலே கைவந்திருந்த ஒன்று, அங்கே தட்டுப்பாடான மருந்து.

கூடத்தின் பின்புறத்திலிருந்து மரப்படிகளில் இறங்கி, மூங்கில் காட்டின் வழியே நடந்தால் பாறை வெட்டு வருகிறது. போர்க்கைதிகளின் ஆவணங்களில் கொன்யு வெட்டு என்று குறிக்கப்படுவது இதுதான். ஏறத்தாழ 75 மீட்டர் நீளம், 25 மீட்டர் ஆழம். எண்ணாகப் படிக்கும்போது இது பெரிதாகத் தோன்றாது. இரு புறமும் செங்குத்தாக எழும் கற்சுவர்களின் நடுவே நின்று அண்ணாந்து பார்த்தபோது என்னுடன் வந்த பையன் பேச்சை நிறுத்திவிட்டான். சுவரில் உளி இறங்கிய நீண்ட தடங்கள் வரிவரியாகத் தெரிகின்றன. ஓரிடத்தில் உடைந்த துளைக்கம்பி ஒன்று இன்னும் பாறைக்குள்ளேயே சிக்கியிருக்கிறது. பள்ளத்தின் நடுவில், தண்டவாளம் ஓடிய இடத்திலேயே, பெரிய மரம் ஒன்று வளர்ந்து நிற்கிறது. அதை வெட்டாமல் விட்டவர்களின் ரசனையைப் பாராட்ட வேண்டும்.

இங்கே வேலை நடந்த முறை எளியது. ஒருவர் எஃகுக் கம்பியைப் பாறையில் நிறுத்திப் பிடித்துக்கொள்வார், மற்றவர் ஏறத்தாழ 3.5 கிலோ எடையுள்ள சம்மட்டியால் அதன் தலையில் அடிப்பார். ஒவ்வோர் அடிக்கும் கம்பியைச் சற்றுத் திருப்ப வேண்டும். துளை ஆழமானதும் வெடி வைத்துத் தகர்ப்பார்கள். சிதறிய கல்லைக் கூடையிலும், இரண்டு மூங்கிலுக்கு நடுவே கட்டிய அரிசிச் சாக்கிலும் சுமந்து அகற்றுவது அடுத்த வேலை. தொடக்கத்தில் ஓர் இணைக்கு ஒரு நாளைக்கு ஒரு மீட்டர் துளை என்று அளவு வைத்தார்கள். அதை விரைவில் முடித்துவிட்டு ஓய்வெடுக்கலாம் என்று எண்ணி முடித்தவர்களுக்கு மறுநாள் இரண்டு மீட்டர் ஆயிற்று, பின்னர் மூன்று. கூலி வேலை பார்த்த எவருக்கும் இந்தப் பாடம் புரியும்; ரப்பர் தோட்டத்தில் ஒருவர் பால் வெட்ட வேண்டிய மரக்கணக்கைக் கூட்டிய கதைகளை நான் சிறுவயதில் இதே வடிவத்தில்தான் கேட்டிருக்கிறேன்.

1943ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் இந்த வெட்டில் வேலை தொடங்கியது. குறித்த நாளுக்குள் பாதை முடியாது என்று தெரிந்ததும் காவலர்கள் 'ஸ்பீடோ, ஸ்பீடோ' என்று கத்தி விரட்டிய மாதங்கள் வந்தன. அந்தக் காலத்துக்கே 'ஸ்பீடோ' என்று பெயர் நிலைத்துவிட்டது. ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம் வரை வேலை. இரவில் மூங்கில் தீயும் எண்ணெய் விளக்கும் ஏற்றி வைத்து வேலை வாங்கினார்கள். மேலேயிருந்து பார்த்தவர்களுக்கு எலும்பும் தோலுமான உருவங்கள் தீயின் நடுவே அசைவது நரகம் போலத் தெரிந்ததால் இந்த வெட்டுக்கு 'ஹெல்ஃபயர் பாஸ்' (நரகத் தீக் கணவாய்) என்ற பெயர் வந்தது. ஆகஸ்ட் மாதத்தில் வெட்டு முடிந்தது.

மருத்துவம் பற்றிய பகுதிகளைக் கேட்கும்போது மர இருக்கையில் உட்கார்ந்துகொள்ளுங்கள் என்று முன்னதாகவே எச்சரிக்கிறேன். மூங்கில் முள் கீறிய சிறு காயம், சத்தில்லாத உடம்பில் சில நாட்களிலேயே எலும்பு தெரியும் புண்ணாகப் பரவியது. மயக்க மருந்து இல்லாமல், கூராக்கிய கரண்டியால் அழுகிய சதையைச் சுரண்டி எடுத்தார்கள். அதற்கும் அடங்காத புண்ணுக்குக் காலையே வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. பர்மாப் பக்கத்தில் 55ஆம் கிலோமீட்டர் முகாமில் ஆல்பர்ட் கோட்ஸ் என்ற அறுவை மருத்துவரும், இந்தப் பக்கத்தில் ஹிந்தோக் மலை முகாமில் எட்வர்ட் டன்லப் என்பவரும் செய்தவற்றை ஆஸ்திரேலியாவில் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். காலரா வந்தபோது உப்பையும் கொதித்தாறிய நீரையும் கலந்து, மூங்கிலைச் சீவி ஊசியாக்கி, மருத்துவர் காதில் மாட்டும் கருவியின் ரப்பர்க் குழாயை இணைத்து நரம்பில் ஏற்றினார்கள். சாப்பிடும் தட்டைக் கொதிநீரில் முக்கி எடுக்காமல் எவரும் சோறு வாங்கக் கூடாது என்ற ஒரே கட்டளை பல நூறு பேரைக் காப்பாற்றியது. காலை அணிவகுப்பில் ஜப்பானியப் பொறியாளர் இத்தனை பேர் வேண்டும் என்பார். படுக்கையில் கிடப்பவர்களில் யாரை எழுப்பி அனுப்புவது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். நோயைப் பார்க்கக் கற்ற ஒருவரின் கையில் இப்படியொரு தராசைக் கொடுத்ததை விடப் பெரிய கொடுமையை இந்தக் கதை முழுவதிலும் நான் காணவில்லை.

அதிகாரிகளுக்குக் கிடைத்த சிறு சம்பளத்தில் ஒரு பகுதியைப் பொதுவில் சேர்த்து நோயாளிகளுக்கு வாத்து முட்டையும் பனைவெல்லமும் வாங்கினார்கள். காஞ்சனபுரி வணிகர் பூன்பொங் தன் படகுகளில் காய்கறி விற்பது போல மருந்தை மறைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். பிடிபட்டிருந்தால் தலை போயிருக்கும். அவரைப் பற்றி இன்னும் விரிவாகக் கேட்க ஆசைப்பட்டேன்.

இனி என் சொந்தக் கணக்கு. போர்க்கைதிகள் 60,000 பேருக்கும் மேல். அவர்களில் 12,000 பேருக்கும் மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் 2 லட்சம் பேருக்கு மேல் என்றும், இறந்தவர்கள் 80,000 முதல் 1,00,000 வரை என்றும் மதிப்பிடுகிறார்கள். பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர் என்று பலர் அதில் உண்டு. மலாயாவிலிருந்து போனவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். போரினால் ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டங்களில் வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்று கிடந்தவர்களிடம் நாளொன்றுக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்) கூலி, சோறு, சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்றார்கள். போனவர்கள் திரும்பாததைக் கண்டு மற்றவர்கள் மறுத்தபோது தோட்ட எழுத்தரான கிராணியிடம் பட்டியல் கேட்டு இழுத்துப் போனார்கள். இலவசப் படக்காட்சி என்று கூட்டிக் கதவை அடைத்து லாரியில் ஏற்றியதும் உண்டு. சிலர் மனைவி மக்களோடு போனார்கள். கைதிகளின் நிலையே இப்படியென்றால், தங்களுக்கென்று ஒரு மருத்துவரோ, ஒழுங்குபடுத்தும் அதிகாரியோ, கொதிநீர்க் கட்டளையோ இல்லாத இந்தக் குடும்பங்களின் நடுவே காலரா புகுந்தபோது நடந்ததை விளக்க வேண்டியதில்லை. பக்கத்து முகாம்களில் இருந்த போர்க்கைதிகளே தங்கள் நாட்குறிப்புகளில் தங்களைவிட மோசமாக இருந்தவர்கள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். நம்மவர்களைப் பற்றி அறிய அந்த நாட்குறிப்புகள்தான் முதன்மையான சான்று என்பது ஒரு விசித்திரம்.

பையன் கூடத்தைச் சுற்றி வந்துவிட்டு, "சித்தப்பா, நம்ம ஆளுங்க பேரு எங்கேயாவது இருக்கா?" என்று கேட்டான். தொழிலாளர்களைப் பற்றிய செய்தி கூடத்தில் இருக்கிறது. அவர்களே அதிகம் இறந்தார்கள் என்பதும் மறைக்கப்படவில்லை. பெயர்கள் இல்லை. இதை நிலையத்தின் குறையாக நான் எண்ணவில்லை. ஆஸ்திரேலிய அரசு தன் படைவீரர்களை நினைவுகூரக் கட்டிய இடம் இது. இந்த ரயில் பாதையில் கைதியாக வேலை செய்த டாம் மோரிஸ் 1980களில் திரும்பி வந்து, காடு மூடிக்கிடந்த இந்த வெட்டைத் தேடிக் கண்டு, பாதுகாக்கும்படி தம் அரசை வற்புறுத்தியதால் உருவான இடம். படைக்குப் பதிவேடு உண்டு, வீரனுக்கு எண் உண்டு, முகாமிலேயே இறப்புப் பட்டியலை ரகசியமாக எழுதி மூங்கிலுக்குள் மறைத்துவைக்க ஆள் உண்டு. தோட்டத்திலிருந்து போன முனியனையும் முத்தம்மாவையும் எவரும் எழுதிவைக்கவில்லை. அவர்களுக்காகத் திரும்பி வந்து காட்டை வெட்டிப் பார்த்திருக்க வேண்டியவர்கள் நாங்கள்தான். எங்கள் வீட்டிலேயே பாட்டியின் அண்ணனைப் பற்றி 'ஜப்பான்காரன் காலத்துல சயாமுக்குப் போனாரு' என்ற ஒரு வரிக்கு மேல் ஒருவரும் கேட்டு வைத்ததில்லை.

வெட்டைத் தாண்டிப் பழைய பாதையின் தடத்திலேயே மேலும் சில கிலோமீட்டர் நடக்கலாம். குவாய் நொய் ஆற்றுப் பள்ளத்தாக்கைக் காட்டும் ஓர் இடம் வரும். அழகான காட்சி, அந்த அழகு சற்றுச் சங்கடப்படுத்தும். மரப்பாலங்கள் நின்ற இடங்களில் இப்போது பள்ளங்கள் மட்டுமே இருக்கின்றன. காலடியில் கூரிய சரளைக்கல் இருப்பதால் தடித்த அடியுள்ள காலணி வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் வெட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது, ஏனெனில் இறங்கிய படிகள் அனைத்தையும் மீண்டும் ஏற வேண்டும். ஆளுக்கு இரண்டு புட்டி நீர் கொண்டு செல்லுங்கள்.

ஏப்ரல் 25ஆம் நாளையொட்டிச் செல்வதைத் தவிர்க்கலாம் என்பேன். ஆஸ்திரேலியரும் நியூசிலாந்தினரும் தங்கள் போர்வீரர்களை நினைவுகூரும் அந்நாளில் விடியற்காலை வழிபாட்டுக்குப் பெருங்கூட்டம் கூடும்; அதைக் காணவே விரும்புகிறவர்களுக்கு அது வேறு அனுபவம். மற்ற நாட்களில், குறிப்பாக வாரநாள் காலையில், வெட்டுக்குள் நீங்களும் மூங்கில் உரசும் ஓசையும் மட்டுமே இருப்பீர்கள்.

காஞ்சனபுரிக்குத் திரும்பியதும் அன்று மாலையே போர்க் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டோம். 6,982 பேர் அங்கே அடங்கியிருக்கிறார்கள். தாழ்வான கற்களில் பதித்த வெண்கலத் தகடுகளில் பெயர், படைப்பிரிவு, வயது, குடும்பத்தார் தந்த ஒரு வரி. புல் அவ்வளவு சீராக வெட்டப்பட்டிருக்கிறது. அதற்கு மிக அருகிலேயே வாட் தாவோர்ன் வராராம் என்ற வியட்நாமிய மரபுப் பௌத்தக் கோயில் இருக்கிறது. பெயர் தெரியாத ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து அடக்கம் செய்த நினைவிடம் அந்தக் கோயில் வளாகத்தில் உள்ளது. கல்லறைத் தோட்டத்தில் பேருந்து பேருந்தாக இறங்குகிறவர்களில் இந்தப் பக்கம் திரும்பிய எவரையும் அன்று நான் காணவில்லை. தமிழர்கள் பயணத்தை வகுக்கும்போது ஹெல்ஃபயர் பாஸ், கல்லறைத் தோட்டம், இந்தக் கோயில் என்ற வரிசையை நான் பரிந்துரைப்பேன். பூவும் ஊதுவத்தியும் கடைத்தெருவிலேயே கிடைக்கும். படம் எடுப்பதற்குப் புகழ்பெற்ற குவாய் ஆற்றுப் பாலத்துக்குக் கால் மணி நேரம் போதும்.

செல்வதற்கு முன், வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய எவராவது இருந்தால், போனவரின் பெயர், தோட்டத்தின் பெயர், எந்த ஆண்டு, தனியாகவா குடும்பத்தோடா என்பதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு செல்லுங்கள். ஆங்கிலப் பலகைகளைப் படிக்கும்போது உங்கள் கையில் அந்தத் துண்டுத்தாள் இருப்பது, ஒலிக்கருவியைப் போலவே பயன்படும்.

பேருந்துக்குப் பதில் ரயிலில் போக விரும்புகிறவர்களுக்கு: அதே பாதையில், காஞ்சனபுரியிலிருந்து நாம் தோக் நிலையம் வரை இன்றும் வண்டி ஓடுகிறது; அங்கிருந்து ஹெல்ஃபயர் பாஸ் சாலை வழியே 20 கிலோமீட்டருக்குள்தான். நாம் தோக் செல்லும்போது இடப்பக்கம் உட்கார்ந்தால், தாம் கிராசேயில் குன்றின் ஓரத்தை ஒட்டி மரத்தூண்கள் மேல் கட்டிய நீண்ட பாலத்தில் வண்டி நடை வேகத்தில் ஊர்ந்து செல்வதைப் பார்க்கலாம். ஒரு பக்கம் கை நீட்டினால் பாறை, மறு பக்கம் கீழே ஆறு. சாதாரண வண்டிகளில் மூன்றாம் வகுப்பு மட்டும்தான், இருக்கைக்கு முன்பதிவு கிடையாது. அரை மணி நேரம் முன்னதாகவே நிலையத்துக்குப் போய்விடுங்கள்.